புதுவைக்கும் பாரிஸுக்கும் எத்தனை தூரம்?

வேறு ஊர்களில் பூகோள உபாத்தியாயரைத் தெருவில் நிறுத்தி, "ஸார், இந்தப் புயல் நம் பக்கம் திரும்புமா?" என்று கேட்பார்கள். புதுச்சேரியிலும் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் இருபது வருஷமாக இந்த ஊரில் வாத்தியார் வேலை பார்க்கும் என்னிடம் அதைவிட அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி வேறு: "பாரிஸ் இங்கிருந்து எத்தனை மைல்? ஆகாய விமானத்தில் போனால் எத்தனை மணி நேரம்?"

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் சட்டப்படி அமலாயிற்று. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பெரியவரை ஊரார் இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்லுகிறார்கள். அந்தச் சொல்தாக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் குடியிருக்கிறார்கள். ஆகையால் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் திண்டிவனத்தைவிடப் பாரிஸ் நெருங்கின ஊராக இருந்தால் அது நியாயமே.

கேள்விக்கு விடை சொல்லுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் எட்டாம் வகுப்பில் இதையே ஒரு விளையாட்டாக நடத்துவேன். முதலில் ஒரு பையனை அழைத்துச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் புதுச்சேரிக்கும் பாரிஸுக்கும் நேர்கோடு போடச் சொல்லுவேன். அவன் அடிக்கோலை வைத்து அரபிக் கடல், அரேபியப் பாலைவனம், மத்தியதரைக் கடலின் மூலை என்று இழுத்துக்கொண்டு போவான். பிறகு மேஜைமேல் இருக்கும் பூகோள உருண்டையை எடுத்து, ஒரு பெண்ணின் கையில் தையல் நூலைக் கொடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கச் சொல்லுவேன். நூல் அரேபியா பக்கமே போகாது! வடமேற்காக ஏறி, கர்நாடகத்தைக் கடந்து, கொங்கணக் கரையில் இறங்கி, சௌராஷ்டிரத்தின் நுனியைத் தொட்டு, கராச்சியின் தலைக்குமேல் பாயும். அப்புறம் ஈரான், துருக்கியின் வடகிழக்கு மூலை, கருங்கடல், ருமேனியா, ஹங்கேரி, மியூனிச். அதற்குப் பிறகுதான் பாரிஸ். வகுப்பு முழுவதும் வாயைப் பிளக்கும். பூசணிக்காயின்மேல் எறும்பு போகும் வழியும் தட்டையான பலகையின்மேல் போகும் வழியும் ஒன்றல்ல என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை, நூலே விளக்கிவிடும்.

எங்கள் பள்ளிக்கூடத்து உருண்டை ஓர் அடி குறுக்களவு கொண்டது. அதில் அந்த நூலின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். பூமியின் அளவுக்கு அதைப் பெருக்கினால் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர், அதாவது 5,000 மைல் வரும். திசைகாட்டியின் ஒரே முனையைப் பிடித்துக்கொண்டு வழி மாறாமல் போனால் இதைவிட 200 கிலோமீட்டர் அதிகமாகும். மணிக்கு 800, 850 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பெரிய விமானம் இந்தத் தூரத்தைக் கடக்கப் பத்து மணிக்குச் சற்று முன்பின்னாகும். மேற்கே போகும்போது அரைமணி, முக்கால் மணி கூடும். கிழக்கே வரும்போது அவ்வளவு குறையும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓயாமல் வீசுகிறது. வரும்போது அது முதுகில் தள்ளும், போகும்போது மார்பில் மோதும். கடிகாரக் கணக்கு வேறு ஒன்று இருக்கிறது. பனிக்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி பின்தங்கியிருக்கும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பதால் வித்தியாசம் மூன்றரை மணிதான்.

இவ்வளவையும் விரல்நுனியில் வைத்திருந்த நான்தான் 2020ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு குடும்பத்தைத் தவறான வழியில் நடத்திவிட்டேன்.

அன்று வியாழக்கிழமை. எங்கள் தெருவில் நாலாவது வீட்டிலிருந்த பெரியவர், பழைய சொல்தா, இரவு 9 மணிக்குக் காலமானார். சின்னப் பிள்ளை கூடவே இருந்தார். பெரிய பிள்ளை பாரிஸுக்கு அருகில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை. டெலிபோன் மணி அங்கே அடித்தபோது சாயங்காலம் நாலரை. "இன்றிரவு 10 மணிக்கு விமானம் இருக்கிறது, ஏறிவிடுகிறேன். அப்பாவை நான் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். மேலே கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

வீட்டிலே மறுநாள் ஏற்பாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது. காரைக்காலிலிருந்தும் கடலூரிலிருந்தும் உறவினர் வரவேண்டும். சுவரொட்டி அச்சடிக்க வேண்டும். அதில் மணி போட வேண்டும். சனிக்கிழமைக்குத் தள்ளலாம் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். "சனிப் பிணம் தனிப் போகாது" என்று கூடத்து மூலையிலிருந்து ஒரு குரல் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அப்படியானால் வெள்ளிக்கிழமையே, இருட்டுவதற்குள். பிள்ளை எத்தனை மணிக்கு வந்து சேருவார்? எல்லோருடைய பார்வையும் என்மேல் திரும்பியது.

நான் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். பாரிஸில் இரவு 10 என்றால் நமக்கு விடியற்காலம் 2:30. பறக்கும் நேரம் பத்து மணி. ஆக சென்னையில் பகல் 12:30. அங்கிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியாக மூன்று மணி. மாலை 3:30. "நாலு மணி என்று போடுங்கள், அரைமணி தாராளமாக இருக்கும்" என்றேன். அந்தத் 'தாராளம்' என்ற வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நடந்தது இது. பாரிஸிலிருந்து சென்னைக்கு நேரே வரும் விமானம் என்று நான் பாட்டுக்கு வைத்துக்கொண்டேன். அப்படி ஒன்று இருந்தது வாஸ்தவம். 2017 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் கம்பெனி அதைத் தொடங்கியபோது புதுச்சேரியில் ஒரே கொண்டாட்டமாயிருந்தது. 2019 ஏப்ரலில் அந்தக் கம்பெனியே தொழிலை நிறுத்திவிட்டது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர விமானத்தைப் பற்றி நினைக்காத எனக்கு அது ஞாபகத்தில் தங்கவில்லை. பிள்ளை ஏறிய விமானம் ஆறரை மணி நேரம் பறந்து அவரை ஒரு வளைகுடா நகரத்தில் இறக்கிவிட்டது. அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்தார். மறு விமானம் நாலு மணி நேரம் பறந்து, மாலை 4 மணிக்குச் சென்னையில் இறங்கிற்று. பாஸ்போர்ட் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். பிறந்த ஊருக்கு வர அயல்நாட்டு இந்தியர் அட்டையைக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அதற்கும் பெட்டிக்குமாக ஒரு மணி. அப்புறம் மூன்று மணி நேரச் சாலை.

காலை 9 மணிக்கு வளைகுடாவிலிருந்து அவர் போன் செய்தபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கிற்று. அதற்குள் சுவரொட்டிகள் மணிக்கூண்டு வரையில் ஒட்டியாகிவிட்டன. நாலு மணிக்குக் கூட்டம் கூடிவிட்டது. ஐந்தாயிற்று, ஐந்தரையாயிற்று. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை நினைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பறை அடிப்பவர்கள் இரண்டு தரம் தோலைக் காய்ச்சினார்கள். ஆறு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். கருவடிக்குப்பம் மயானத்தில் இறக்கிவைத்து, பெரியவர்கள் சிலர் காலைப் பிடிக்காத குறையாக வெட்டியானிடம் கேட்டுக்கொண்டதன் பேரில், இன்னும் இரண்டு மணி நேரம் இருட்டில் காத்திருந்தோம். எட்டு மணிக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பனிக்காலக் கம்பளிக் கோட்டைக் கழற்றக்கூட நினைவில்லாமல் பிள்ளை ஓடிவந்தார். டார்ச் வெளிச்சத்தில் தகப்பனார் முகத்தைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கள் கணக்கில் தப்பு இல்லை, வாத்தியாரையா. நீங்கள் சொன்னது விமானம் பறக்கிற நேரம். நான் வந்தது வீட்டிலிருந்து வீட்டுக்கு" என்றார்.

அன்றிரவு அந்தத் துண்டுக் காகிதத்தின் பின்புறத்தில் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். தகப்பனார் கண்மூடியதிலிருந்து மகன் மயானத்துக்கு வந்து சேர்ந்தது வரை 23 மணி. அதில் ஆகாயத்தில் கழிந்தது ஆறரையும் நாலும், பத்தரை மணி. பூமியின்மேல் நின்றும் உட்கார்ந்தும் காரில் வந்தும் கழிந்தது பன்னிரண்டரை மணி. 8,000 கிலோமீட்டருக்குப் பத்தரை. சென்னை விமான நிலையத்திலிருந்து வரும் 140 கிலோமீட்டருக்கு மட்டும் மூன்று!

இதற்குப் பிறகு இந்தத் தூரத்தைப் பற்றி நான் புஸ்தகங்களை வேறு கண்ணோடு புரட்டத் தொடங்கினேன். பழைய காலத்தில் இது எப்படி இருந்தது?

சூயஸ் கால்வாய் 1869 நவம்பரில் திறக்கப்படும் வரையில் பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்கு வரும் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஐந்து மாதம் ஆறு மாதம் ஆகும். வந்த பிறகும் கஷ்டம் தீராது. புதுச்சேரிக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சலங்கு என்னும் படகில் இறங்கி, கரையில் அடிக்கும் அலையைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும். கடைசி அரை மைல் அப்போதே பொல்லாததாயிருந்தது! 1866இல் கடலுக்குள் இரும்புப் பாலம் ஒன்று போட்ட பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. அந்தப் பாலத்தையும் 1952ஆம் வருஷத்துப் புயல் கொண்டுபோயிற்று.

செய்தியும் அதே கப்பலில்தான் வந்தாக வேண்டும். அதனால் என்ன விபரீதங்கள் நடந்தன என்பதற்குக் கடலூரே சாட்சி. பிரான்ஸும் இங்கிலாந்தும் 1783 ஜனவரி 20ஆம் தேதி வெர்சேயில் சமாதானப் பூர்வாங்கத்தில் கையெழுத்திட்டன. அன்றிலிருந்து சரியாக ஐந்து மாதம் கழித்து, ஜூன் 20ஆம் தேதி, கடலூருக்கு எதிரே கடலில் சுஃப்ரான் என்ற பிரெஞ்சுத் தளபதியும் ஹியூஸ் என்ற இங்கிலீஷ் தளபதியும் பீரங்கிச் சண்டை போட்டார்கள். இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 200 பேர் மாண்டார்கள். சமாதானமாகிவிட்ட செய்தி அந்த மாதக் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன் 1748இலும் இதே கதைதான். ஏப்ரல் 30ஆம் தேதியே ஐரோப்பாவில் சமாதானத்துக்கு அடிபோட்டாகிவிட்டது. இங்கே ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரையில் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தான். 1778இல் கதை சிறிது மாறிற்று. யுத்தச் செய்தி எகிப்து வழியாக இங்கிலீஷ்காரர்களுக்கு முந்தி எட்டிவிட்டது. அக்டோபரில் புதுச்சேரி அவர்கள் வசமாயிற்று. குறுக்குவழி கண்டவன் கோட்டையைப் பிடித்தான்.

அந்நாளில் பிரான்ஸில் இருந்த மகனுக்குப் புதுச்சேரியில் தகப்பன் இறந்த செய்தி எட்ட ஆறு மாதம்; அவன் புறப்பட்டு வர இன்னொரு ஆறு மாதம். ஆகவே அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. மயானத்தில் இருட்டிலே நின்றுகொண்டு சாலையைப் பார்க்கும் துன்பம் அக்காலத்தவருக்குத் தெரியாது. செய்தியும் மனிதனும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்த வரையில் அது கிடையாது. தந்தி வந்து செய்தியை மட்டும் முன்னால் ஓடவிட்டது. அன்றைக்குத்தான் இந்தக் காத்திருப்புப் பிறந்தது.

தந்திக்கு மனிதன் பின்தங்கியதால் வந்த வேறு சங்கடமும் உண்டு. ஸ்ரீ வ.வே.சு. ஐயர் 1910இல் லண்டனை விட்டுத் தப்பிப் பாரிஸ் வந்து, அங்கிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினார். அவர் எவ்வளவு விரைவாகப் பிரயாணம் செய்தாலும் அவரைப் பிடிக்கச் சொல்லும் தந்தி அவருக்கு முன்னே போய்விடும். அதனால்தான் மாறுவேஷத்தில் வர வேண்டியிருந்தது. 1908இலிருந்தே பாரதியார் இங்கே இருந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார். பிரெஞ்சு எல்லைக்குள் வந்து சேர்ந்துவிட்டால் பிரிட்டிஷ் போலீஸின் கை எட்டாது. இந்தத் தேசத்தின் சுதந்திரத்துக்குப் புதுச்சேரியின் தூரம் அன்று உபகாரம் செய்தது. சென்னைக்குக் கிட்டே, ஆனால் சட்டத்தால் வெகு தொலைவு!

கால்வாய் திறந்த பின் பிரயாண காலம் மளமளவென்று குறைந்தது. பின்னாளில் ஸ்ரீ அன்னை என்று அறியப்பட்ட மிரா அல்பாஸா 1914 மார்ச் 7ஆம் தேதி மார்செய்யில் 'காகா மாரு' என்ற ஜப்பானியக் கப்பலில் ஏறி, கொழும்பில் இறங்கி, தனுஷ்கோடி வழியாக ரயிலில் வந்து, மார்ச் 29ஆம் தேதி புதுச்சேரி சேர்ந்தார். 22 நாள். பாம்பன் பாலம் திறந்து அப்போது இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கப்பல் கம்பெனி, படகு, ரயில், விழுப்புரத்தில் வண்டி மாற்றம் என்று அப்போதும் பிரயாணம் துண்டு துண்டாகத்தான் இருந்தது.

அப்புறம் ஆகாய மார்க்கம். 1931 ஜனவரியில் மார்செய்யிலிருந்து இந்தோசீனாவின் ஸைகோனுக்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனி விமானம் விட ஆரம்பித்தது. அது கராச்சி, கல்கத்தா வழியாக இந்தியாவின் தலைக்குமேலேயே பறந்து போயிற்று. பிரெஞ்சு ஊரான புதுச்சேரியில் இறங்கவில்லை. மறு வருஷம், 1932 அக்டோபர் 15ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சின்னஞ்சிறு விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அந்தத் தபால் பிறகு பல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்தது. டாட்டா பிறந்த ஊர் எது தெரியுமா? பாரிஸ்! அவருடைய தாயார் பிரெஞ்சு மாது. எங்கள் வகுப்புப் பெண் பிடிக்கும் நூல் கராச்சியைத் தொட்டுக்கொண்டு போகும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948 ஜூன் 8ஆம் தேதி, 'மலபார் பிரின்ஸஸ்' என்னும் நமது சொந்த விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. நமது கொடியுடன் நமது விமானம் ஐரோப்பாவுக்குப் போயிற்று என்பதில் அன்று தேசம் அடைந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

புதுச்சேரிக்கு விமான நிலையமே இல்லையா என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். பேஷாக இருக்கிறது. லாஸ்பேட்டையில், ஊருக்குள்ளேயே என்று சொல்லும்படி இருக்கிறது. குறை அதன் நீளத்தில். ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். பாரிஸின் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் 4,200 மீட்டர் பாதைகள் உள்ளன. ஓடுபாதைக்கு இவ்வளவு நீளம் எதற்கு என்றால், பளுவுக்காகத்தான். கடல் கடந்து போகும் போயிங் 787 வகை விமானம் பூர்ண பாரத்துடன் கிளம்பும்போது 250 டன்னுக்கு மேல் இருக்கும். அதில் 100 டன் வரையில் எண்ணெயே இருக்கலாம். நெடுந்தூரம் போகும் மாட்டுவண்டியில் பாதிப் பாரம் வைக்கோலாகவே இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பாரம் எழும்ப நெடுந்தூரம் ஓட வேண்டும். லாஸ்பேட்டைக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். விமானமோ சுழலும் விசிறிகள் வைத்தது. எல்லாம் சேர்ந்து 23 டன். எழுபது எழுபத்தெட்டுப் பேர் ஏறலாம்.

பாதையை நீட்டலாமே என்றால், நீட்ட வேண்டிய நிலத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் கிராமம் கிராமமாகப் பங்குபோட்டுக்கொண்ட எல்லை இன்னும் நம் காலில் தடுக்குகிறது. அந்தப் பேச்சு வெகு காலமாக நடந்துகொண்டேயிருக்கிறது. விமானங்களோ கோடை மழைபோல் வந்து வந்து நின்றன. 2013 ஜனவரியில் புதுக் கட்டடம் திறந்து பெங்களூருக்கு விமானம் விட்டார்கள். ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமாக ஓடி நின்றது. 2017 ஆகஸ்டில் ஐதராபாத்துக்கு மறுபடி வந்தது, நோய்க் காலத்தில் நின்றது, திரும்ப வந்தது, திரும்ப நின்றது. 2024 டிசம்பர் 20ஆம் தேதி முதல் இண்டிகோ கம்பெனி பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விடத் தொடங்கியது.

நோய்க் காலம் என்றேன். அந்தப் பெரியவர் மறைந்து ஒரு மாதம் ஆவதற்குள், 2020 மார்ச் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, அயல்நாட்டு விமானங்கள் அடியோடு நிறுத்தப்பட்டன. வழக்கமான போக்குவரத்து 2022 மார்ச் 27ஆம் தேதிதான் மீண்டும் ஆரம்பமாயிற்று. இடையில் தனி ஏற்பாட்டில் சில விமானங்கள் வந்துபோயின என்றாலும், முதல் சில மாதங்களில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் சாவு நேர்ந்தது; பாரிஸிலிருந்த பிள்ளைகள் கைப்பேசிக் கண்ணாடியில்தான் கொள்ளிவைப்பதைப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் அந்தக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கை நடுங்காமல் பிடிக்கச் சொன்னார்கள். செய்தி மட்டுமல்ல, காட்சியே அந்த நொடியில் போய்ச் சேர்ந்தது. மனிதன் மட்டும் வர வழியில்லை. 1783இல் ஐந்து மாதம் என்றால் ஐந்து மாதம். கப்பல் வரும் என்று இருக்கலாம். அந்த நாட்களில் எத்தனை நாள் என்று நான் யாருக்கும் கணக்குச் சொல்ல முடியவில்லை.

நூல் காட்டும் நேர்வழிக்கும் இப்போது பலவிதத் தடைகள். 2022 பிப்ரவரியில் யுத்தம் மூண்டதிலிருந்து உக்ரைனின் ஆகாயம் மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் ஆகாயத்தை நமது விமானங்களுக்கு அடைத்தது; நாமும் அவர்களுக்கு அடைத்தோம். அதே வருஷம் ஜூனில் சில நாட்கள் ஈரானின் ஆகாயமும் மூடியிருந்தது. விமானிகள் இவற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் வகுப்பிலே பையன் அடிக்கோல் வைத்து அரேபியாவின்மேல் இழுக்கும் கோட்டை நான் தப்பு என்று அடிக்கும்போது எனக்கே சிறிது சந்தேகம் தட்டுகிறது. இன்றைய விமானம் பல நாட்களில் அவன் சொல்லும் வழியாகத்தான் போகிறது!

2025ஆம் வருஷம் மாசியில் ஐந்தாம் வருஷத் திதிக்குப் பெரிய பிள்ளை வந்திருந்தார். இந்தத் தடவை சென்னைக்கு வராமல், பாரிஸிலிருந்து ஏர் பிரான்ஸ் விமானத்தில் நேரே பெங்களூர் வந்து, அங்கிருந்து சின்ன விமானத்தில் லாஸ்பேட்டையில் இறங்கினார். கருவடிக்குப்பம் மயானம் அங்கிருந்து கூப்பிடு தூரம். இறங்கும்போது ஜன்னல் வழியாக அந்த இடத்தைத் தேடினாராம். தென்னந்தோப்பு மறைத்துவிட்டது என்றார். வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். சாலை வழி மூன்று மணி மிச்சம் என்று நான் மகிழ்ந்தேன். அவர் சிரித்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். வீட்டை விட்டுக் கிளம்பியது, விமானம் ஏறியது, நள்ளிரவில் பெங்களூரில் இறங்கியது, மறுநாள் முற்பகல் வரையில் அங்கே உட்கார்ந்திருந்தது எல்லாம் மணியோடு எழுதியிருந்தார். ஆகாயத்தில் ஏறக்குறைய பதினொரு மணி. மொத்தம் 24 மணிக்கும் மேல்!

அந்தக் காகிதத்தை நான் எட்டாம் வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத் தொடங்கினார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுதாமல் கையைத் தூக்கினாள்.

"ஸார், அவருக்குப் பாரிஸில் வீட்டிலிருந்து ஏரோப்பிளேன் நிலையத்துக்குப் போக எத்தனை நேரமாயிற்று? அதை எழுதவில்லையே?"

உண்மைதான், அவர் அதை எழுதவில்லை. அடுத்த மாசிக்கு வரும்போது கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன்.